யாளிப் பக்கத்துக் கோணல்

கோடு வளைந்திருந்தது. திருமேனி லென்ஸை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணை அதன்மேல் கவிழ்த்தார். லென்ஸ் கைக்கு வந்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும், அத்தனை வருஷப் பழக்கம். அப்போதும் வளைந்துதான் இருந்தது. யாளியின் துதிக்கைக்குக் கீழே நேராக இறங்க வேண்டிய கட்டத்துக் கோடு, நடுவழியில் இடுப்பை ஒடித்து உட்பக்கமாகச் சாய்ந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து கீழே போயிற்று. பக்கத்துக் கோடும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே. அடப் பாவிகளா, கெடுத்தீங்களேடா என்று வாய்விட்டே கத்திவிட்டார். சமையல்கட்டில் தட்டு கழுவுகிற சத்தம் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. உண்ணாமலை என்ன ஏது என்று கேட்கமாட்டாள். கேட்டால் அதற்கும் சேர்த்து ஒரு கத்தல் விழும் என்று கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதா. சாப்பிட்ட சோறு இன்னும் இறங்கவில்லை, அதற்குள் இப்படி ஒரு வயிற்றெரிச்சல். ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் பலபேர் இருக்கலாம், ஆனால் திருமேனி போட்ட கட்டம் கோணாது என்று தறிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஒரு கட்டம் என்பது ஒரு இழை. கட்டத்தாளில் அவர் மை வைத்த இடத்தைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள், அட்டை தறியின் தலைமேல் ஏறும், கீழே சேலையில் யாளி நடக்கும். அப்படி ஆயுசெல்லாம் போட்ட யாளி, அன்னம், மயில்கண், கோபுரம், தோள்வங்கி எல்லாவற்றையும் திரட்டி, எந்த உருவை எந்தக் கரையில் எப்படி இறக்குவது என்று விவரமும் எழுதி, சென்னையில் ஒரு பதிப்பகத்தார் புத்தகமாகப் போடுகிறார்கள். கைத்தறியைப் பற்றிய புத்தகங்களை அவரும் பார்த்திருக்கிறார். கோயில் தூணில் சேலையைச் சாய்த்துவைத்துப் படம் எடுத்து, வழவழவென்று தாள் போட்டு, உள்ளே சரக்கு ஒன்றும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு ஒரு கைக்குட்டைகூட நெய்ய முடியாது. இது அப்படியில்லை. இதைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்த ஊரில் எவன் தறியில் உட்கார்ந்தாலும் யாளி இறங்கி வரவேண்டும். அதற்குக் கோடு நேராக இருக்க வேண்டாமா. நாளைக்கு அச்சில் ஏறுமுன் சரிபார்க்க அனுப்பின தாள், எவனோ ஒரு தூங்குமூஞ்சி ஸ்கேன் எடுக்கும்போது இழுத்துத் தொலைத்திருக்கிறான். விடக்கூடாது இவர்களை என்று போனை எடுத்தார்.

“சொல்லுங்க ஐயா. எல்லாப் பக்கமும் பாத்துட்டீங்களா?” பதிப்பகத்தில் இந்தப் புத்தகத்தைக் கவனித்துக்கொள்கிற மேகலா. நல்ல பெண். இரண்டு முறை வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவள்.

“பாத்தேன். பாத்ததாலதான் கூப்பிடறேன். யாளிப் பக்கத்தை ஸ்கேன் எடுத்த மகராசன் யாரும்மா? தூங்கிக்கிட்டே எடுத்தானா?”

“ஏங்கய்யா?”

“கோடெல்லாம் வளையுது.”

தாள் புரள்கிற சத்தம் கேட்டது. “எனக்கு நேராத்தான் தெரியுது ஐயா.”

“வெறும் கண்ணுல எனக்கும் நேராத்தாம்மா தெரியுது. லென்ஸ் வெச்சுப் பாரு. வெறும் கண்ணுக்குத் தப்பினது லென்ஸுக்குத் தப்பாது, இந்தத் தொழில்ல அதுதான் பாலபாடம். இன்னொண்ணு கேளு. திருஷ்டிப் புள்ளியை எடுத்துட்டீங்க. தப்புன்னு நெனச்சு எவனோ திருத்தியிருக்கான்.”

“இல்லையே ஐயா, இருக்கே. துதிக்கை நுனிக்குக் கீழ தனியா ஒரு புள்ளி. நீங்க முன்னாடியே சொன்னதால நான் அதைப் பென்சில்ல வட்டம் போட்டு, யாரும் தொடாதீங்கன்னு எழுதியே வெச்சேன்.” அவள் குரலில் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. “இன்னொரு தடவை பாருங்க ஐயா. சாயங்காலத்துக்குள்ள நீங்க சரின்னு சொன்னா நாளைக்கு மெஷின்ல ஏத்திடுவாங்க.”

வட்டம் போட்டாளாம், வட்டம். திருஷ்டிப் புள்ளி அவர் தொழில் பழகின கூடத்தில் எல்லோருக்கும் இருந்த வழக்கம். உரு எவ்வளவு அழகாக விழுந்தாலும் அதை முழுசாக விட்டுவிடக்கூடாது, எங்காவது ஒரு புள்ளியை வேண்டுமென்றே இடம் தப்பி வைக்க வேண்டும். குழந்தையின் கன்னத்தில் மை வைக்கிறோமே, அதுபோல. சேலை கட்டுகிறவளுக்கு அது தெரியாது, நெய்கிறவனும் கவனிக்கமாட்டான், போட்டவன் ஒருவனுக்குத்தான் தெரியும். யாளிக்கு அவர் வைத்த இடம் துதிக்கை நுனிக்கு நேர் கீழே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். லென்ஸை அங்கே கொண்டுபோய் வைத்தார். வெறுமையாக இருந்தது. வெள்ளை என்றும் சொல்லமுடியவில்லை, கழுவிவிட்ட தரை காயும்போது நடுவில் கொஞ்சம் ஈரம் நிற்குமே, அந்த நிறம். புள்ளி இல்லை. பொய் சொல்கிறாள் அந்தப் பெண், தப்பை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பார்வையை நகர்த்தி யாளியின் பாதத்தைப் பார்த்தார். அப்போது ஓரத்தில் கறுப்பாக ஒன்று நின்றது. சட்டென்று அதன்மேல் திரும்பினார். காணோம். மறுபடி பாதத்தைப் பார்த்தார். மறுபடி ஓரத்தில் வந்து நின்றது. திரும்பினால் காணோம். யாரோ கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வதுபோல. பட்டப்பகலில், எதிர்வீட்டுத் தறி டக்டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும்போது, அவருக்குக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. லென்ஸை எடுத்துவிட்டு இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து பார்த்தார். புள்ளி இருந்தது. அவர் வைத்த இடத்தில், அவர் வைத்த மாதிரியே, சாதுவாக உட்கார்ந்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரிகிறது, லென்ஸுக்குத் தெரியவில்லை. உலகத்தில் எங்காவது உண்டா இப்படி? லென்ஸ்தான் கெட்டிருக்கிறது, வேறென்ன. எங்காவது கீழே விழுந்திருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நகத்தால் வழித்துப் பார்த்தார், அது பாட்டுக்குப் பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் கண்ணாடிச் சாமானை நம்பக்கூடாது, வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளுக்குள் போயிருக்கும்.

அசலை எடுத்துவைத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியால் பீரோவைத் திறந்து, தம் கையால் போட்ட யாளித் தாளை எடுத்து வந்து ஜன்னலோரம் விரித்தார். மையின் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. இந்தத் தாளைப் போட்டபோது வெளியே பேய்மழை. உண்ணாமலை வாசல் தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தாள், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாளியின் பிடரி வந்துகொண்டிருந்த நேரம், எழுந்தால் கை மறந்துவிடும். அந்தப் பிடரியை இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிடரி நெளிந்தது. நெளிகிற பிடரிதான், ஆனால் இது அவர் நெளித்தது இல்லை. கோடுகள் எல்லாம் ஒரே இடத்தை நோக்கி, யாரோ நடுவில் விரலை விட்டு முறுக்கினதுபோல ஒடுங்கின. வெயிலில் காய்கிற அப்பளம் இப்படித்தான் ஓரம் தூக்கும். தாளைத் தடவிப் பார்த்தார், சமமாகத்தான் இருந்தது. “உண்ணாமலே! இந்தத் தாளையெல்லாம் பரண்லயா வெச்சிருந்த?” என்று கத்தினார். “ஆமாங்க,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “மழைத்தண்ணி இறங்கியிருக்குமா?” “இறங்கியிருக்கும்ங்க.” அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பீரோவிலிருந்துதானே எடுத்தோம். சாவி நம் இடுப்பில்தானே இருக்கிறது. பரணுக்கு இது எப்போது போனது? காக்கா வெள்ளை என்றால் ஆமாங்க, நேத்துகூட ஒண்ணு பாத்தேன் என்பாள் உண்ணாமலை. அது இன்று நேற்றுப் பழக்கமில்லை. கல்யாணமான புதிதில் அவரே தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோத்து வாங்க ஊடை நூல் நாடா எறிய இரண்டு ஆள் வேண்டும். இவர் வலதில் உட்கார, அவள் இடதில் நின்று எறிவாள். எதிர்ப்பக்கம் நிற்கிறவள் இவர் தாளத்துக்கு ஒத்துப் போகவேண்டும், தன் இஷ்டத்துக்கு எறிந்தால் கோர்வை விட்டுப்போகும், சேலை கிழியும். தறியை விட்டு இவர் டிசைனுக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் மட்டும் இன்னும் எதிர்ப்பக்கத்திலேயே நின்று எறிந்துகொண்டிருக்கிறாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழி எங்கிருந்து இப்போது வந்து தொலைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தது போகவும் இல்லை. ஸ்கேன் எடுத்தவன் கோணல், லென்ஸ் கோணல், மழை கோணல், பரண் கோணல். கூடம் கோணல். சே, என்ன பேச்சு இது என்று தலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். லென்ஸ் மேஜையில் இருந்தது. ஆனால் பழக்கதோஷம், இடது கண் இன்னும் மூடியே இருந்தது. அப்படியே ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. நடுக்கம்பியை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்துவிட்ட மாதிரி. திருடன் வந்துவிட்டானா என்றுதான் முதலில் தோன்றியது. நம்புங்கள், மனுஷன் அப்படித்தான் நினைத்தார், கம்பியை வளைத்து எவனோ உள்ளே நுழையப் பார்த்திருக்கிறான் என்று. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அல்லவா. எழுந்துபோய்க் கம்பியை மேலிருந்து கீழ்வரை கையால் உருவினார். கை நேராக இறங்கியது. கண் வளைகிறது என்றது, கை நேர் என்றது. கம்பியைப் பிடித்தபடியே இடது கண்ணைத் திறந்து வலது கண்ணை மூடினார். கம்பி நேர். மாற்றி மூடினார். வளைவு. மறுபடி மாற்றினார். நேர். வளைவு. நேர். வளைவு. வளைந்த இடத்தில், ஈரம் நிற்கிற நிறத்தில் அந்தச் சின்ன வெறுமை, எங்கே பார்த்தாலும் அங்கே முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது மறைக்க ஒன்றுமில்லை. அவருக்குப் பயமாக இருந்தது, சின்ன வயசில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது வந்த பயம், அப்படியே.

அட்டை குத்துகிற காளத்திக்கு இப்படித்தான் போயிற்று. முதலில் ஒரு கண்ணில் ஏதோ தூசி என்றான், சாமந்திப்பூ அரைத்துக் கட்டினான், வேப்பெண்ணெய் விட்டான். பிறகு அடுத்த கண். திருமேனி போட்ட கட்டத்தை அவனைவிடச் சுத்தமாக அட்டையில் குத்த ஆளில்லை. கண் போனபிறகு ஒருநாள் பார்க்கப் போனார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தறிச் சத்தம் வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். மூணாவது வீட்டுத் தறியில பலகை தளர்ந்திருக்கு, போய்ச் சொல்லு என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு இவர் நின்ற இடத்துக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அன்றைக்கு இரவு இவரால் சாப்பிட முடியவில்லை. காளத்திக்குச் சர்க்கரை இருந்தது, நமக்கு இல்லை, நமக்கு ஏன் வரும் என்று சொல்லிக்கொண்டார். ஏன் வராது? போன வாரம் உண்ணாமலை நீட்டின காபி டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தோமே. அவள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கைக்குள் கொண்டுவந்து வைத்தாளே. படி இறங்கும்போது அவள் முன்னால் போகிறாளே, எப்போதிலிருந்து முன்னால் போகிறாள்? முன்பெல்லாம் பின்னால்தானே வருவாள். ஒருதரம், ஆமாம் ஒரே ஒருதரம், சாப்பிடும்போது, கண்ணை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமேங்க என்று இழுத்தாள். என் கண்ணுக்கு என்னடி கேடு, ஊருக்கே கண்ணு மாதிரி இருக்கறவன் நான் என்று சோற்றுத் தட்டைத் தள்ளின தள்ளலில் ரசம் சுவர்வரை தெறித்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டுவிடவில்லை, இன்னும் கெட்டுவிடவில்லை. ஒன்றுதான். இன்னொன்று இருக்கிறதே.

இன்னொன்று இருக்கிறது என்றதும் கொஞ்சம் தெம்பு வந்தது. மேஜைக்கு வந்து உட்கார்ந்து, லென்ஸை இடது கண்ணுக்குக் கொடுத்தார். இத்தனை காலமாகச் சும்மா மூடிக்கிடந்த கண் அது, வேலை தெரியாத சோம்பேறி. முதலில் தடுமாறியது, கண்ணீர் விட்டது, பிறகு நிதானப்பட்டது. யாளி வந்தது. அடடா, என் ராஜா. கோடெல்லாம் நூல் பிடித்ததுபோல இறங்கின. புள்ளி இருக்கிற இடத்தில் இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. போதும், ஒரு கண் போதும். ஒற்றைக் கண்ணோடு ஊரில் எத்தனைபேர் இல்லை. வேலைக்கு எப்போதும் ஒரு கண்தானே வேண்டியிருந்தது, ஒன்றை மூடிக்கொண்டுதானே ஆயுசு முழுக்கப் பார்த்தோம், இனிமேல் மூடுகிற கண் மாறும், அவ்வளவுதான். படவேட்டம்மா, உனக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டு, பக்கங்களைப் புரட்டினார். அன்னம் சரி. மயில்கண் சரி. கோபுரக் கரை வரிசை பிசகாமல் நின்றது. இருதலைப்பட்சிப் பக்கம் வந்தது. ஒரே உடம்பு, இரண்டு கழுத்து, இந்தப் பக்கம் ஒரு தலை அந்தப் பக்கம் ஒரு தலை. வலது கழுத்து பிரிகிற இடத்தில் ஒரு கோடு லேசாக, ஒரு மயிரிழை, அசைந்து கொடுத்தது. லென்ஸை எடுத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி வைத்தார். கோடு நேராக இருந்தது. சரி என்று விலகப் போனபோது மறுபடி அசைந்தது. இருக்கிறதா இல்லையா? பார்க்கப் பார்க்க இருந்தது, நம்ப நம்ப இல்லாமல் போயிற்று. பக்கத்தைத் திருப்பிவைத்துப் பார்த்தார். தலைகீழாகவும் அங்கேயேதான் அசைகிறதா, இல்லை வேறு இடமா, அதுவும் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. அசலைப் பார்க்கலாம் என்று பீரோப் பக்கம் எழுந்தவர், போகவில்லை. அசலும் அசைந்தால் என்ன செய்வது?

மேகலாதான் போனில். “ஐயா, சொல்லிடலாமா? காத்துக்கிட்டிருக்காங்க.” “இரும்மா,” என்றார். “யாளிப் பக்கம் சரி. பட்சிப் பக்கம் ஒண்ணு பாக்கணும்.” “கோடு வளையுதா ஐயா?” என்று அவள் கேட்டபோது, ஆமாம்மா வளையுது, எங்கிட்ட சண்டை போடாம நீயும் ஒருதடவை வளையுதுன்னு சொல்லும்மா என்று கெஞ்சத் தோன்றியது. “கூப்பிடறேன்,” என்று வைத்துவிட்டார். மத்தியானத்திலிருந்து ஸ்கேன் எடுத்தவனைத் திட்டின வாய் இப்போது அவனுக்காக வேண்டிக்கொண்டது. அவன் தூங்கியிருக்க வேண்டும். அவன் தாளை இழுத்திருக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தையாவது அவன் கெடுத்திருக்க வேண்டும், படவேட்டம்மா. புத்தகம் பாழாய்ப் போகட்டும், ஆயிரம் பக்கம் கோணிக்கொண்டு போகட்டும், எந்த ஊரிலும் எந்தத் தறியிலும் ஒரு பட்சியும் இறங்காமல் போகட்டும். இந்தக் கோடு தாளில் கோணியிருந்தால் போதும். கோணல் தாளிலா கண்ணிலா என்று சொல்ல இன்னொரு ஆளின் கண் வேண்டும். வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் அடுப்படியில் சாயங்காலக் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாய் வந்தது, மூடிக்கொண்டார். மறுபடி வந்தது. கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சநேரம் தெரியாமல் இருக்கலாம். வெளியே வெயில் தணிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போவதற்குள் கேட்டாக வேண்டும்.

“உண்ணாமலே.”

“இதோ வந்துட்டேங்க.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இந்தப் பட்சிக் கழுத்துகிட்ட ஒரு கோடு இறங்குது பாரு. என் நகத்தை வெச்சிருக்கேன் பாரு, இது. நல்லாப் பாத்துச் சொல்லு. நேரா இருக்கா, கோணலா இருக்கா?”

அவள் குனிந்தாள். தாளைப் பார்த்தாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள். “கோணலாத்தாங்க இருக்கு,” என்றாள்.

திருமேனி சிரித்தார். வாய்விட்டு, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பார்த்தியா, நான் அப்பவே சொல்லல, எவனோ தாளை இழுத்திருக்கான், கட்டைல போறவன், விளங்குவானா அவன் என்று ஆசை ஆசையாகத் திட்டினார். இழுத்துத்தாங்க இருக்கான் என்று அவளும் சொன்னாள். அந்தச் சந்தோஷம் நன்றாகத்தான் இருந்தது. எழுந்து போனை எடுக்கப் போனார், மேகலாவை ஒரு பிடி பிடிக்கவேண்டும். பாதி வழியில் நின்றார். இழுத்துத்தாங்க இருக்கான். இறங்கியிருக்கும்ங்க. ஆமாங்க. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சாயம் ஒத்துப்பார்க்கச் சுவர் ஆணியில் மாட்டிவைத்திருந்த பட்டு நூலிலிருந்து ஒரு இழையை உருவினார். இரண்டு கையாலும் சுண்டி இழுத்து, முழு விறைப்பாக அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இது?”

அவள் இழையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

“சொல்லு. நேரா இருக்கா, கோணலா இருக்கா?”

“அதுவும் கொஞ்சம் வளைஞ்சுதாங்க இருக்கு.”

இழுத்துப் பிடித்த இழை வளையாது. தறிக்காரன் வீட்டில் தவழ்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும். பாவு நூலிலே பிறந்து அதிலே வளர்ந்தவள், கை தொட்டாலே எந்த இழை தொய்வு எந்த இழை விறைப்பு என்று சொல்கிறவள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வளைந்திருக்கிறது என்கிறாள். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

உண்ணாமலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “போன ஆடிலேர்ந்து,” என்றாள். “வலப்பக்கமா எது வெச்சாலும் தடுமாறினீங்க. சொன்னா வேலைய விட்டுடுவீங்க, மனசு உடைஞ்சுடுவீங்கன்னு… புஸ்தகம் முடியட்டும், அப்புறம் கையில கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு இருந்தேங்க. ஒரு கண்ணுதானே, இன்னொண்ணு நல்லா இருக்கேன்னு நெனச்சேன்.”

“இப்ப நான் உங்கிட்ட காட்டின கோடு,” என்றார் திருமேனி, “இடது கண்ணுல பாத்தது.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பவில்லை. கிட்டே வந்து, ஈரம் காயாத உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணை மூடினாள். விளையாட்டுக்கு மூடுகிறமாதிரி இல்லை, இறுக்கி, வலிக்க மூடினாள்.

“இப்பப் பாருங்க. என்னைப் பாருங்க. நான் தெரியறனா?”

“தெரியற.”

“நேராத் தெரியறனா? கோணாம?”

அவர் பார்த்தார். அவளுடைய தோளிலிருந்து சேலைக்கரை இறங்கிக்கொண்டிருந்தது, என்றோ அவரே போட்ட கோபுரக் கரைதான். மார்புக்கு வந்த இடத்தில் அது ஒருமுறை, லேசாக, அசைந்து கொடுத்தது.

“நேராத்தான் தெரியற,” என்றார்.